அகமும் இயங்குதளமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அகப்பாடலில் காதலரின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. நெய்தல் தலைவியின் ஏக்கம் முழுவதும் கேட்போரை எட்டும். அவள் இன்னாள் என்பது மட்டும் எட்டாது. அந்த நாகரிகத்தை இன்று கைப்பேசியின் இயங்குதளத்தில் தேட வேண்டியிருக்கிறது.

இயங்குதளம் கருவிக்கும் செயலிகளுக்கும் நடுவே நிற்கும் வாயிற்காவலன். எந்தச் செயலி எதைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது அதுவே. அக்காவலன் யாருக்கு ஊழியம் செய்கிறான்? கைவிளக்குச் செயலி ஒன்று தன்னைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்குத் தந்து வந்ததென, 2013இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. விளக்கேற்ற முகவரி எதற்கு?

காட்டூர் முதலிய பழவேற்காட்டு ஏரிப்பகுதி ஊர்களுக்கும் இது அயலான செய்தியன்று. மீனவர்க்கென எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலி காற்றையும் அலையையும் முன்னறிவிக்கிறது. கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கிறது. அதற்கு இருப்பிடம் தெரிந்தே ஆகவேண்டும். ஆனால் அதே இருப்பிடக் குறிப்புகளை வேறொரு செயலி நாள்தோறும் சேர்த்து வைத்தால், மீன்படும் இடம் எது, வலையிடும் வேளை எது என்பதெல்லாம் வெளியாகிவிடும். அவ்வறிவு மீனவரின் முதல், படகைப் போலவே.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. இன்ன இடத்தில் இன்ன நாளில் வலையிட உரியவர் இன்னார் என முறைவைத்துக்கொள்வது. முறை முடிந்தால் இடம் அடுத்தவருக்கு. செயலிக்குத் தரும் அனுமதியும் பாடு போல அமையவேண்டும்: கேளாதவரை மறுப்பு, கேட்டால் அவ்வேளைக்கு மட்டும் இசைவு, வேலை முடிந்ததும் உரிமை தானே அற்றுப்போதல். ஆண்ட்ராய்டில் 'இம்முறை மட்டும்' என்னும் அனுமதி 2020இல்தான் வந்தது. ஏரிக்கரை அதைவிட மூத்தது!

சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த நிறுவனமொன்று ஆக்கிய 'பாரோஸ்' 2023 சனவரியில் அறிமுகமாயிற்று. முன்கூட்டியே திணித்த செயலிகள் அதில் இல்லை என்பது பாராட்டத்தக்கது. ஆயினும் அதன் செயலிகள் நிறுவனங்கள் சலித்தெடுத்துத் தரும் தனிக்கடைகளிலிருந்து வருபவை. பாதுகாப்புக்கு அது நன்று. சாவியோ இன்னும் முழுமையாகப் பயன்படுத்துவோர் கைக்கு வரவில்லை. எவரும் திறந்து சோதிக்கத்தக்க மூலநிரலும், வேண்டாததை அகற்றும் உரிமையும் சேர்ந்தால்தான் அது வரும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பு கைப்பேசிக்குள் இறங்குவது, அனுமதி கேட்கும் அந்த ஒற்றை வாக்கியத்தில்தான். அதைப் பெரும்பாலும் அவசரத் தமிழாக்கமாகவே காண்கிறோம். பொருள் விளங்காமல் விரல் 'சரி'யை அழுத்திவிடுகிறது. கவிஞர்கள் இறங்கவேண்டிய இடம் அது. "நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று இந்தச் செயலி கேட்கிறது. காற்றின் நிலையைச் சொல்ல. இந்த ஒருமுறை சொல்லலாமா?" என்று எழுத எத்தனை சொற்கள் வேண்டும்?