ஒரு சின்ன மீனுக்கும் சொந்த ஊர் உண்டு



எனக்கு அப்போது எட்டு வயது. தேக்கா பக்கத்திலிருந்து வீடு மாறினோம். கண்ணாடித் தொட்டியில் ஆறு சின்ன மீன்கள். "பாவம், ஓடுற தண்ணியில விட்டுடு, பிழைச்சுக்கும்" என்றார் அம்மா. பிளாஸ்டிக் பையில் கொண்டுபோய் ரோச்சோர் கால்வாயில் ஊற்றினேன். ஏதோ புண்ணியம் செய்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு.

அந்த மீன் ஹார்லக்குவின் ரஸ்போரா. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. செம்பு நிற உடல், பின்பாதியில் கறுப்பு முக்கோணம். உலகெங்கும் மீன் தொட்டிகளில் நீந்தும் இந்த மீன் எந்த ஊர்க்காரர் தெரியுமா? நம் ஊர்க்காரர்தான்! சிங்கப்பூர், மலாயாத் தீபகற்பம், தென் தாய்லாந்து, சுமத்ரா ஆகியவை இதன் தாயகம்.

1904இல் டங்கர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டி, ரஸ்போரா பேரினத்தில் சேர்த்தார். 1999இல் கொட்டெலா, விட்டே என்ற இருவர் இதைப் பிரித்து 'டிரைகோனோஸ்டிக்மா' என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். முக்கோணக் குறி என்பது அதன் பொருள். ரஸ்போராக்கள் பொதுவாக முட்டைகளை நீரில் சிதறவிடும். இதுவோ தலைகீழாகப் புரண்டு, இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டவைக்கும். அதற்கு அகன்ற இலைச் செடி வேண்டும், நிழல் வேண்டும், காட்டு நீர் வேண்டும்.

அந்த நீர் இன்றும் நீ சூன் சதுப்புக் காட்டில் ஓடுகிறது. உதிர்ந்த இலைகள் ஊறி, பால் ஊற்றாத தேநீர் நிறத்தில், சற்றே அமிலத் தன்மையோடு இருக்கும். ஒரு காலத்தில் இத்தகைய நன்னீர்ச் சதுப்புக் காடுகள் இத்தீவில் பல இடங்களில் இருந்தன. காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். நம் முன்னோர் பலர் பால்மரம் வெட்டியது அத்தகைய தோட்டங்களில்தான். பிறகு நகரம் வளர்ந்தது. மிஞ்சிய பெரிய சதுப்புக் காடு இது ஒன்றுதான்.

இப்போது என் கால்வாய்க்கு வருகிறேன். 2008இல் மரினா அணைக்கட்டு வருமுன் ரோச்சோர் கால்வாயில் கடல்நீர் ஏறி இறங்கும். காட்டு ஓடை மீனை உப்புத் தண்ணீரில் ஊற்றினால் என்ன ஆகும்? நான் கொடுத்தது விடுதலை அல்ல நேயர்களே, மரண தண்டனை.

"அப்படியானால் நீ சூன் ஓடையிலேயே விடலாமே" என்று கேட்கலாம். அதுவும் கூடாது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தவை. அவற்றோடு நோயும் ஒட்டுண்ணியும் காட்டுக்குள் போகும். வேற்றூர் மீனை விட்டாலோ, நம் மீனின் இரையையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். இயற்கை வனப்பகுதிகளில் விலங்குகளை விட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். விசாக தினத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகம் இதை நினைவூட்டி வருகிறது.

மீன் வளர்க்க முடியவில்லையா? வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள். வளர்க்கத் தெரிந்த நண்பருக்குக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு மீன் வாங்கும்போதே, அது எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று சொல்லி வாங்கிக் கொடுங்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார். இனி நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படிச் சொல்லக் கூடாது.