கல் வீட்டின் அமைப்பு



மயிலாப்பூரிலிருந்து அடையாறு வழியாகத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிற் சென்றால், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்னும் காட்சிச்சாலையைக் காணலாம். 1996-ம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்விடத்தில் தென்னாட்டுக் கிராம வீடுகள் பல நிறுவப்பட்டுள்ளன. அவற்றுள், கர்நாடகத்து இல்கல் என்னும் ஊரின் நெசவாளர் கல் வீட்டைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

இல்கல் கருங்கல் மலிந்த பிரதேசம், மழையோ சொற்பம். ஆகையால் ஆங்குள்ளோர் கனத்த கற்சுவர் எழுப்பி, தட்டையான கூரையின்மேல் மண் பரப்பினர். பகல் வெப்பம் அச்சுவரைக் கடந்து உள்ளே வருமுன் பொழுது சாய்ந்துவிடும். குழித்தறியில் கால்களை இறக்கியமர்ந்து நாள் முழுதும் சேலை நெய்பவருக்கு இதனினும் வேறென்ன வேண்டும்!

ஆயினும் அவ்வீட்டை அப்படியே நகல் செய்தல் புத்தியன்று. சென்னையில் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிறது. மண் கூரை இங்கே தாங்காது. சுவரே நாம் கவனிக்கத்தக்கது.

வீட்டுக் கடனுக்கு மனுச் செய்வோர் சிலர், பாட்டன் கட்டிய கற்சுவரையே இடிக்கத் துணிகின்றனர். பெரும்பாலும் கெடுவது கல் அன்று. பழுதான கூரைவழி இறங்கும் நீர், கற்களுக்கிடையேயுள்ள மண்சாந்தைக் கரைத்துவிடுகிறது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சுண்ணாம்புச் சாந்து அதனை வெளியே விடும். ஆதலின் மனு எழுதுமுன், கொத்தனாரைக் கொண்டு கூரையைச் சோதியுங்கள்; தூக்குக்குண்டு விட்டுச் சுவரையும் பாருங்கள். சுவர் நேராக நின்றால், கூரைக்கும் சாந்துக்கும் வேண்டிய தொகையை மட்டும் கடனாகக் கேளுங்கள். பிதுங்கியிருந்தால் பிரிக்கத்தான் வேண்டும். அப்பொழுதும் கல்லை விற்றுவிடாதீர்கள், புது அஸ்திவாரத்துக்கு ஆகும்.