மஞ்சளும் தசை நோவும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோல்கொண்டாக் கோட்டையின் உச்சிவரை ஏறி இறங்கியவர் நம்முள் பலர். ஏறும்போது மூச்சு வாங்குகிறது. எனினும், மறுநாள் தொடைகள் நோவதற்குப் பெருங்காரணம் இறங்கியதே ஆகும். இறங்குங்கால் தசையானது உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய இழைகள் சிதைகின்றன. அவற்றைச் செப்பனிட வெள்ளணுக்கள் திரளுகின்றன. அதன் விளைவே வீக்கமும் நோவும். மூன்று நாட்களுக்குள் உச்சத்தை எட்டி, பின்னர் இந்நோவு தானே தணிந்துவிடும். ஆகவே, அழற்சி நம் பகையன்று. பழுது பார்க்க வந்த தச்சன்.

ஆயினும், உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் நம் இளைஞர் சிலர் இந்நோவுக்கு அஞ்சி மஞ்சட் சத்துக் குளிகைகளை நாள்தோறும் விழுங்குகின்றனர். பாட்டி கொடுத்த மஞ்சள்தானே என்பது அவர்கள் வாதம். அது முற்றும் பொருந்துமா?

மஞ்சளின் சத்தாகிய குர்குமின், தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உள்ளது. ஒரு தேக்கரண்டித் தூளில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் கிடைக்கலாம். ஒரே குளிகையிலோ 500 மில்லிகிராம் அடைத்து விற்கின்றனர். உண்ட குர்குமினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் கலக்கும். மிளகின் காரச்சத்தாகிய பைப்பரினைச் சேர்த்தால் அது ஏறக்குறைய 20 மடங்கு பெருகும் எனப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் 1998-இல் கண்டனர். மஞ்சளும் மிளகும் இட்ட பாலை அருந்தி வளர்ந்த நமக்கு இச்செய்தி உவகை தருவதே. ஆனால், உணவில் சிறிது சேர்வது வேறு. செறிவாக்கி நாள்தோறும் உட்கொள்வது வேறு.

குர்குமின் தசை நோவைச் சிறிது குறைக்கிறது எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அவை பெரும்பாலும் சிலரை மட்டும் கொண்டு நடத்தியவை. மறுபுறம், மஞ்சட் குளிகைகளால் கல்லீரல் நலிந்த 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022-இல் அறிவித்தனர். அவருள் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய கேடு அரிதே. எனினும், தானே தணியும் நோவுக்காக அதனை ஏற்பது அறிவுடைமையாமோ?

தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் நம்மைப் போலத் தமிழகத்திலிருந்து இந்நகருக்கு வந்ததே. 1918-இல் குன்னூரில் தொடங்கிய அவ்வாய்வகம் 1958-இல் இங்குக் குடிபெயர்ந்தது. உடலைப் பருக்கச் செய்யப் புரதப் பொடிகளை நாடாதீர் என்று 2024-இல் அந்நிறுவனம் அறிவுறுத்தியது. உணவே முதன்மை என்னும் அந்நெறி குளிகைக்கும் பொருந்தும்.

இளைஞர்களே! பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், நன்றாக உறங்குங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் இக்குளிகைகளைத் தொடலாகாது. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருத்தாலும், குளிகை உண்ணுங்கால் கண் மஞ்சளித்தாலும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உண்டதை மறையாது கூறுங்கள்.

அஞ்சறைப் பெட்டி மஞ்சளை நாம் கைவிட வேண்டுவதில்லை. அளவோடு அது உணவு. அளவு மிகுந்தால் அதுவும் மருந்தே. மருந்தை மருந்தாகவே மதிப்போமாக.