கையெழுத்து வாங்கியவர்கள் எங்கே?



தீர்ப்பு வந்துவிட்டதென்று வாசலில் மிட்டாய் கொடுக்கிறார்கள். வாயில் போட்டேன், இனிக்கவில்லை. 2016 ஜூலை 5ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் சொல்லிவிட்டார்கள்: நாமக்கல் கலெக்டர் ஆபீசில் எழுதி வாங்கிய காகிதம் எழுத்தாளர் பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது; அவர் எழுதலாம். சந்தோஷம்! அந்தக் கையெழுத்தை வாங்கியவர்கள் எங்கே?

அவருடைய நாவல் 'மாதொருபாகன்' வந்தது 2010இல். பிள்ளையில்லாத காளி, பொன்னாவின் கதை. நாலு வருஷம் யாருக்கும் வலிக்கவில்லை. 2014 டிசம்பர் 26ஆம் தேதி திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள். ஜனவரி 9ஆம் தேதி கடையடைப்பு. அன்றைக்கு ஒரு தம்பியிடம் கேட்டேன்: "புத்தகம் படிச்சீங்களா?" "நாலு பக்கம் ஜெராக்ஸ் பார்த்தனுங்க." ஆயிரம் அடிக்கு போர்வெல் போடுகிற ஊரய்யா அது! புத்தகத்தில் மட்டும் நாலு பக்கத்துக்குக் கீழே ரிக் இறங்காதாம்!

அவர்கள் வாதம் மொத்தமும் இவ்வளவுதான்: நாங்கள் படிக்கவில்லை, இருந்தாலும் புண்பட்டுவிட்டோம், ஆகவே நீ எழுதாதே!

இந்த வித்தை புதுசில்லை. 1240இல் பாரிஸில் யூதர்களின் தால்முத் நூல்மேல் வழக்கு. நிக்கோலஸ் டோனின் என்பவன் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரிகளைப் பிய்த்தெடுத்து 35 குற்றச்சாட்டு அடுக்கினான். 1242இல் வண்டி வண்டியாக ஏடுகளைக் கொளுத்தினார்கள். ஆனால் ஒன்று கேளுங்கள். அந்த அக்கிரமக்கார ஊரில்கூட யூத மதகுரு ரபி யெஹியேலை ராஜாவின் தாயார் முன்னால் நிறுத்தி வாதாடவிட்டார்கள். நாமக்கல்லில்? வாதமே கிடையாது. நேரே கையெழுத்து!

மிரட்டி வாங்குவதும் புதுசில்லை. 1475இல் இத்தாலியின் திரெந்தோ. சைமன் என்ற குழந்தை செத்துக் கிடந்தது. யூதர்கள்தான் ரத்தத்துக்காகக் கொன்றார்கள் என்றார்கள். சாட்சி? சித்திரவதை செய்து வாங்கிய ஒப்புதல். அதை வைத்தே ஆட்களை எரித்தார்கள். அந்தக் குழந்தையின் பேரில் நடந்த வழிபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல்தான் நிறுத்தியது. 490 வருஷம்! அங்கே போனது உயிர்கள். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிரட்டி வாங்கியதை ஆதாரமாக்கும் புத்தி ஒன்றேதான்.

2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீசில் நடந்ததற்குப் பேர் அமைதிப் பேச்சுவார்த்தையாம்! அதிகாரிகளே, எரித்தவனைக் கூப்பிட்டு "ஏண்டா எரித்தாய்?" என்று கேட்டு எழுதி வாங்கினீர்களா? கடையை அடைத்தவனிடம் வாங்கினீர்களா? எழுதியவனிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு! விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டுமாம்! சம்பளம் எங்கள் வரியில், காவல் கூட்டத்துக்கா? எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அந்த மனிதர் ஊருக்கு அறிவித்துவிட்டு, சொந்த மண்ணைவிட்டுச் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். அமைதி திரும்பிவிட்டதாம். சுடுகாட்டில்கூடத்தான் அமைதி இருக்கிறது!

பதினெட்டு மாதம் ஒரு பேனாவைப் பூட்டி வைத்தார்களே, அதற்கு யார் மன்னிப்புக் கடிதம் எழுதுவது? தீர்ப்பைப் பாராட்டிப் பேசிவிட்டுக் கலைந்தால் அடுத்த ஜெராக்ஸ் தயாராகிவிடும்.

ஆகவே சொல்கிறேன். இனி எந்தக் கலெக்டர் ஆபீசிலாவது எழுத்தாளனை அமைதிக்கென்று அழைத்தால், நாம் நூறு பேர் கூடவே போவோம். எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று அங்கேயே கேட்போம். பதிலை எழுத்தில் கேட்போம். கீழே அதிகாரியின் கையெழுத்தோடு!