வீட்டு இணையத்தின் வாயில்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளில் நாற்புறமும் வேலி அடைத்திருக்கும்; உள்ளே செல்வதற்குப் படலை ஒன்றே இருக்கும். வளவுக்குள் வீடும் உண்டு, குசினியும் உண்டு, மாட்டுக் கொட்டிலும் உண்டு, கிணற்றடியும் உண்டு. தெருவிற் செல்வோர் கண்ணிற் படுவதோ படலை ஒன்றுதான். வந்தவர் யாரைத் தேடி வந்தார் என்று கேட்டறிந்து, அவரை உரிய இடத்துக்கு அனுப்புவது படலையடியில் நிற்பவரின் பொறுப்பு. இக்காலத்து வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுவரும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியும் ஏறக்குறைய இதே பொறுப்பைத்தான் ஏற்றிருக்கிறது.

அந்தப் பெட்டியிலே 'போர்ட் போர்வர்டிங்' என்றோர் ஏற்பாடு உண்டு. வெளியிலிருந்து வரும் அழைப்பை வீட்டிலுள்ள ஒரு குறித்த கருவிக்கு அனுப்பிவைப்பது அதன் வேலை. 'வாயில் திறத்தல்' என அதனைத் தமிழில் வழங்கலாம். அதைச் செய்து முடிக்க அதிக நேரம் வேண்டியதில்லை. ஆயினும் அதைச் செய்வதற்கு முன்னர் அறிந்திருக்க வேண்டியவை சில உள. அவற்றை அறியாது செய்பவர், தம் வீட்டாருக்காகத் திறந்த வாயிலை ஊராருக்கும் திறந்துவிட்டவர் ஆவர்.

வடமராட்சியில் ஒரு வீட்டை நேயர்கள் மனத்திற் கொள்க. அங்கே முதிய தந்தையும் தாயும் மாத்திரம் வாழ்கின்றனர். மகன் ரொறன்ரோ நகரில் வேலை பார்க்கின்றான். விடுமுறையில் வந்தவன் முன் விறாந்தையில் ஒன்றும் கிணற்றடியில் ஒன்றுமாக இரண்டு கமராக்களைப் பூட்டினான். அவற்றின் காட்சிகளைச் சேர்த்துவைக்கும் பதிவுப் பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்தான். வீட்டில் இருந்தவரை அவனுடைய கைத்தொலைபேசியிற் காட்சி தெளிவாகத் தெரிந்தது. கனடாவுக்குத் திரும்பிய பின்னர் பார்க்க முயன்றபோது ஒன்றுமே தெரியவில்லை. கமராவிலும் பழுதில்லை, இணையத்திலும் பழுதில்லை. அவ்வாறாயின் தடை எங்கே இருந்தது?

விடை காண்பதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். இணையத்திற் சேரும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். 1981ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான விதிமுறையின்படி அமைந்த முகவரிகளின் மொத்தத் தொகை ஏறத்தாழ 429 கோடி. அக்காலத்தில் அது வற்றாத ஊற்றாகத் தோன்றியிருக்கும். இன்றோ உலக மக்கள் தொகையே 800 கோடியைக் கடந்துவிட்டது. ஒரு வீட்டிலேயே பத்துக் கருவிகள் இருத்தலும் புதுமையன்று. முகவரிகள் போதாமற் போகும் என்பதை அறிஞர் முன்னரே உணர்ந்தனர். 1994ஆம் ஆண்டு மே மாதத்தில் அதற்கொரு வழி எழுத்திலே வெளியிடப்பட்டது. வெளி உலகுக்கு ஒரே முகவரியைக் காட்டி, உள்ளே பல கருவிகளை வைத்திருப்பதே அவ்வழி. 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில், வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே மாத்திரம் வழங்கத்தக்க முகவரிகள் இவை என்று தனியே வரையறுத்து வைத்தனர். 192.168 என்று தொடங்கும் எண்கள் அவ்வகையின. ஒரே எண் கொழும்பில் ஒரு வீட்டிலும் கண்டியில் இன்னொரு வீட்டிலும் இருக்கலாம். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வதில்லை. 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி, உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த பழைய வகை முகவரித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. அதன் பின்னரும் பழைய வகை முகவரிகளைக் கொண்டே கோடிக்கணக்கான வீடுகள் இணையத்தில் நிலைத்திருப்பதற்கு இந்த ஏற்பாடு பெருங்காரணம்.

இதன் விளைவு யாது? வீட்டிலிருந்து ஒருவர் வெளியே ஒரு செய்தியைக் கேட்டால், எந்தக் கருவி கேட்டது என்பதை ரவுட்டர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. மறுமொழி வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரிய கருவிக்கு அனுப்புகிறது. ஆனால், உள்ளிருந்து எவரும் கேளாமல் வெளியிலிருந்து ஓர் அழைப்புத் தானாக வருமாயின், அது யாருக்கு உரியது என்பதற்குக் குறிப்பேட்டில் ஆதாரம் இராது. எனவே ரவுட்டர் அதனைத் தள்ளிவிடுகிறது. ரொறன்ரோவிலிருந்து மகன் விடுத்த அழைப்பு அவ்வாறே படலையடியில் நின்றுபோயிற்று. வாயில் திறத்தல் என்பது, 'இன்ன இலக்கத்தைச் சொல்லி வருபவரைப் பதிவுப் பெட்டியிடம் அனுப்புக' என்று அந்தக் குறிப்பேட்டில் நிரந்தரமாக ஒரு வரியை எழுதிவைப்பதேயாகும்.

இலக்கம் என்பது என்ன என்பதையும் விளக்க வேண்டும். கச்சேரிக்கு முகவரி ஒன்றுதான். ஆயினும் உள்ளே காணிப் பகுதி வேறு, ஓய்வூதியப் பகுதி வேறு. வருபவர் எப்பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பதை அறிந்திருத்தல் அவசியம். இணைய முகவரியிலும் அவ்வாறே 65,535 வரை எண்ணிட்ட வாயில்கள் உள. இவற்றையே போர்ட் என்பர். வலைப்பக்கத்துக்கு 80, மறைகுறியிட்ட வலைப்பக்கத்துக்கு 443, அஞ்சல் நிலையங்கள் தம்முள் மடல் பரிமாறுவதற்கு 25 என்று சில எண்கள் உலகப் பொதுவாய் வழங்குகின்றன. இத்தகைய எண்களின் பட்டியலைப் பல்லாண்டுகள் பேணி வந்தவர் ஜோன் பொஸ்ரெல் என்ற அமெரிக்க அறிஞர். அவர் 1998இல் மறைந்தார்.

இனிச் செய்முறை. முதலாவதாக, வீட்டுக் கணினியின் உலாவியில் ரவுட்டரின் உள்முகவரியை எழுத வேண்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டிய தாளிற் காணலாம். அங்கே கேட்கப்படும் பெயரும் கடவுச்சொல்லும் அதே தாளில் இருப்பதுண்டு. உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டிய முதற் காரியம் அக்கடவுச்சொல்லை மாற்றுவது.

இரண்டாவதாக, பதிவுப் பெட்டிக்கு நிலையான உள்முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டும், 192.168.1.50 என்று வைத்துக்கொள்ளலாம். ரவுட்டர் உள்முகவரிகளை இரவலாகவே கொடுக்கிறது. இன்று பதிவுப் பெட்டிக்குக் கொடுத்த எண்ணை நாளை வேறொரு கருவிக்குக் கொடுத்துவிடக்கூடும். அப்போது வாயில் திறந்திருந்தும் வந்தவர் வேறு அறைக்குள் நுழைவார். சில நாள் நன்றாக இயங்கிய ஏற்பாடு மின்சாரம் நின்று வந்த பின்னர் இயங்காமற் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மூன்றாவதாக, போர்ட் போர்வர்டிங் என்ற பக்கத்தைத் திறக்க வேண்டும். சில பெட்டிகளில் அது 'வேர்ச்சுவல் சேர்வர்' என்ற பெயரால் இருக்கும். அங்கே வெளி இலக்கம், உள்முகவரி, உள் இலக்கம், விதிமுறை என நான்கு கட்டங்கள் இருக்கும். வெளி இலக்கம் 8443, உள்முகவரி 192.168.1.50, உள் இலக்கம் 443 என நிரப்பினால், வெளியே 8443 என்று சொல்லி வருபவர் பதிவுப் பெட்டியின் 443ஆம் வாயிலை அடைவார். விதிமுறை என்பது டி.சி.பி., யு.டி.பி. என இருவகைப்படும். முன்னது, போய்ச் சேர்ந்ததா என்பதைக் கேட்டு உறுதிசெய்யும் பதிவுத் தபால் போன்றது. பின்னது, சேர்த்துவிட்டு மறந்துவிடும் சாதாரணத் தபால் போன்றது. கருவியின் கைந்நூல் எதைச் சொல்கிறதோ அதைத் தெரிவுசெய்து சேமிக்க வேண்டும்.

நான்காவதாகச் சோதனை. வீட்டு வைபையில் இருந்துகொண்டே சோதித்தால் முடிவு ஏமாற்றக்கூடும். கைத்தொலைபேசியின் வைபையை நிறுத்தி, தொலைபேசி நிறுவனத்தின் இணையத்தின் வழியே வெளியாளைப் போல வந்து பார்த்தல் வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் பலன் கிட்டாத வீடுகள் உள. இணையம் வழங்கும் நிறுவனமே பல வீடுகளை ஒரே வெளிமுகவரியின் பின்னே வைத்திருப்பது இன்று பல நாடுகளில் வழக்கம். இதற்கென்றே 2012ஆம் ஆண்டில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. ரவுட்டர் காட்டும் வெளிமுகவரியும், வெளியுலகம் காணும் முகவரியும் வெவ்வேறாயின், வீட்டுப் படலைக்கு அப்பால் ஒழுங்கைக்கும் ஒரு படலை உண்டு என்று அறிக. அதன் திறவுகோல் வீட்டுக்காரரிடம் இல்லை. இணையம் வழங்குவோரிடம் தனி முகவரி கேட்டுப் பெறலாம். அன்றி வேறு வழி தேடலாம்.

இதுவரை சொன்னது திறக்கும் முறை. திறந்தால் யார் வருவார் என்பதே பெரிய வினா. 2013ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒரு மென்பொருளை வெளியிட்டனர். பழைய வகை இணைய முகவரிகள் அனைத்திலும் ஒரு குறித்த வாயில் திறந்திருக்கிறதா என்பதை, ஒரே கணினியைக் கொண்டு, 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க அதனால் இயன்றது. ஆகவே, வடமராட்சியில் ஒரு மூலையில் இருக்கும் வீட்டை எவர் கண்டுபிடிக்கப் போகிறார் என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை. 443ஐ 8443 ஆக்கிவிட்டால் ஒளிந்துகொண்டதாகும் என்று எண்ணுவதும் வீண்.

2016ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. மிராய் என்ற தீய நிரல் இணையமெங்கும் சென்று, திறந்துகிடந்த 23ஆம் இலக்க வாயில்களைத் தட்டியது. அதனிடம் இருந்த படைக்கலம் வேறொன்றுமில்லை. தொழிற்சாலையிலேயே இட்ட பெயரும் கடவுச்சொல்லுமாக 60 அளவிலான இணைகள் கொண்ட ஒரு பட்டியல். வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களும் பதிவுப் பெட்டிகளும் ரவுட்டர்களும் இலட்சக்கணக்கில் அதற்கு அடிமையாயின. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அவ்வகை அடிமைப் படையொன்று டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது ஏவப்பட்டது. இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தந்துவந்த நிறுவனம் அது. ருவிற்றர் முதலிய பெருந்தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் எட்டாமற் போயின. அந்நிரலை ஆக்கிய மூன்று அமெரிக்க இளைஞர் 2017ஆம் ஆண்டு டிசெம்பரிற் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். கமராவின் சொந்தக்காரரோ தம் வீட்டுக் கருவி அப்படையில் நின்றதை அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

ஆகவே விவேகமான முறை யாது? பதிவுப் பெட்டியின் வாயிலை நேரே உலகுக்குத் திறத்தல் கடைசி வழியாக இருக்க வேண்டும். வி.பி.என். என்னும் மறைவழியை ரவுட்டரிலேயே அமைத்துக்கொள்ளுதல் அதனினும் நன்று. வயர்கார்ட் என்ற வகையை எடுத்துக்கொண்டால், வழக்கமாக 51820 என்ற ஒரேயொரு வாயில் மாத்திரம் போதும். உரிய திறவுகோல் இல்லாமல் தட்டுபவருக்கு அது மறுமொழியே சொல்லாது. தட்டியவர் அங்கே கதவு இருப்பதையும் அறியார். திறவுகோல் உள்ள மகன் நுழைந்தால், விறாந்தையில் அமர்ந்திருப்பவன் போலவே வீட்டுக் கருவிகளைக் காண்பான். இதனுடன், கருவிகள் வீட்டுக்காரரைக் கேளாமல் தாமே வாயில் திறந்துகொள்ள இடமளிக்கும் யு.பி.என்.பி. என்ற ஏற்பாட்டை நிறுத்திவைத்தலும், கருவிகளின் மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தலும், தேவை முடிந்த வாயிலை அன்றே அடைத்தலும் வேண்டும். கைவிட்ட கருவிக்காகத் திறந்த வாயில்கள் ஆண்டுக்கணக்காய்த் திறந்துகிடப்பது வழக்கமாய்விட்டது. திறந்தவருக்கே அது நினைவிராது.

வடமராட்சி வீட்டுக்குத் திரும்புவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். கிணற்றடி என்பது தாய் குளிக்கும் இடம். தந்தை அதிகாலையில் முகம் கழுவும் இடம். பெற்றோர் நலமாக நடமாடுகின்றனர் என்று காணும் உரிமை மகனுக்கு உண்டு என்றே கொண்டாலும், அந்தக் காட்சியை ஊர் பேர் அறியாத ஒருவன் எங்கோ ஒரு மூலையில் இருந்து பார்க்கக்கூடுமாயின், பாதுகாப்புக்கென்று பூட்டிய கருவியே மானத்துக்குக் கேடாய் முடியும். பூட்டு எத்துணை நல்லதாயினும் என்றோ ஒருநாள் பிழைக்கக்கூடும். ஆதலால், அறிவுள்ள மகன் வாயிலை அமைத்த பின்னர் இன்னொரு காரியமும் செய்வான். ஊரிலிருக்கும் உறவினர் ஒருவரை அழைத்து, கிணற்றடிக் கமராவைக் கழற்றிப் படலையை நோக்கிப் பூட்டச் சொல்வான். வீட்டுக்கு வருபவரைப் பார்த்தாற் போதும். வீட்டிலிருப்பவரைப் பார்க்க ஆண்டுக்கொரு முறையேனும் நேரில் வரலாம்.