மோட்டாரின் விலையும் கரண்ட் பில்லும்



புதுக்கோட்டையிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். சிகாநாதரைக் கும்பிட வருகிறார்கள். அண்ணா பண்ணைக்கும் வேளாண் கல்லூரிக்கும் வருகிறார்கள். ஊராட்சி என்னென்ன வாங்குகிறது என்று விசாரிக்க மட்டும் யாரும் வருவதில்லை. தெருவிளக்கு, குழாய், பிளீச்சிங் பவுடர், குப்பை வண்டி, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் என்று தமிழ்நாட்டின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் நான்கு யூனிட் மின்சாரம் இழுக்கும். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 8,760 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பில் 70,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதே வேலையை 15 சதவீதம் குறைந்த மின்சாரத்தில் செய்யும் மோட்டாரை வாங்கினால் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். கடைக்காரர் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் ஒரே ஆண்டில் அது திரும்பிவிடும்.

இது தெரிந்தும் ஏன் மலிவானதையே வாங்குகிறார்கள்? ஊராட்சிகளில் நெடுங்காலமாக மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் இரண்டாம் எண் கணக்கு என்று தனியாக ஒன்று உண்டு. மோட்டார் வாங்குவது, பழுது பார்ப்பது எல்லாம் முதல் கணக்கில். விலை ஒரு நோட்டில், பில் இன்னொரு நோட்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் எப்படி வரும்?

சட்டத்தின் மேல் பழி போடுவது சுலபம். குறைந்த தொகை கேட்டவருக்குத்தானே டெண்டரைக் கொடுக்க வேண்டும் என்பார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, பத்தாவது பிரிவைப் படித்தால் விஷயம் வேறு. மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியைத்தான் ஏற்க வேண்டும், உண்மை. ஆனால் எது குறைந்தது என்பதை, ஒப்பந்த ஆவணத்தில் முன்கூட்டியே சொல்லப்பட்ட, அளந்து பார்க்கக்கூடிய அம்சங்களுக்கு உரிய மதிப்பு கொடுத்துக் கணக்கிட வேண்டும் என்கிறது சட்டம். மின்செலவும் அப்படி அளக்கக்கூடியதுதான். ஆவணத்தில் அதை எழுதாமல் விட்டுவிட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பது நியாயமில்லை.

கணக்குப் போட்டு வாங்கிய ஊராட்சியும் தமிழ்நாட்டில் இருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை. தலைவர் சண்முகம் காலத்தில் குடிநீர் ஏற்றும் மின்செலவைக் குறைக்க, முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஒரு சிறு கருவி வாங்கினார்கள். அடுத்து 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஊரின் தேவைக்கு மேல் கிடைத்த மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருமானமும் பார்த்தார்கள். எல்லா ஊருக்கும் காற்றாலை ஒத்துவராது. ஓடந்துறையிடம் கற்க வேண்டியது, கரண்ட் பில்லை முன்னால் வைத்துக்கொண்டு கொள்முதலை யோசித்த முறைதான்.

ஒற்றை ஊராட்சி பேரம் பேசினால் கடைக்காரர் காதில் விழாது. சேர்ந்து வாங்கினால் கதை மாறும். மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம் 2014 தொடக்கத்தில் ஒரு எல்இடி பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது. கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் சில ஆண்டுகளிலேயே விலை 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. குடுமியான்மலை இருக்கும் அன்னவாசல் ஒன்றியத்து ஊராட்சிகள் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் ஆளுக்கு ஒரு மோட்டார் என்று தனித்தனியாகக் கடை ஏறுவதற்குப் பதில் ஒன்றியமாகக் கூடி விலை கேட்கலாமே.

இப்படி யோசித்து வாங்குவது புதிய பேச்சு அல்ல. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 12.7 நீடித்த அரசுக் கொள்முதலைப் பற்றியது. ஜப்பான் 2000-ஆம் ஆண்டிலேயே பசுமைக் கொள்முதலுக்குச் சட்டம் போட்டது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த யோசனையின் இன்னொரு பக்கம் அதற்கும் முன்பே பழக்கம். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில், இந்த மாவட்டத்துக் கல் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கூலிக்குக் கல் உடைத்தவர்களே குத்தகைதாரர் ஆனார்கள். அரசு யாரோடு ஒப்பந்தம் போடுகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

மோட்டாருக்கே திரும்புவோம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், மோட்டார் பெரும்பாலும் சித்திரை வெயிலில்தான் எரிகிறது. பெண்கள் குடத்தோடு அலுவலக வாசலில் நிற்கும்போது மின்சிக்கன ஸ்டார் முத்திரை பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? காயில் கட்டி மாட்டிவிடுகிறார்கள். சரியாகக் கட்டாத மோட்டார் முன்பைவிடக் கூடுதலாகக் கரண்ட் குடிக்கிறது. அதனால் இது அக்டோபர் 2 கிராம சபையையொட்டி, அடுத்த ஆண்டின் வளர்ச்சித் திட்டம் தயாராகும்போதே பேச வேண்டிய பேச்சு. பெரிய ஆவணம் தேவையில்லை. ஊரிலுள்ள ஒவ்வொரு மோட்டாரும் எந்த ஆண்டு வாங்கியது, எத்தனை முறை காயில் கட்டியது, மாதம் எவ்வளவு பில் வருகிறது என்று டேங்க் ஆபரேட்டரைக் கேட்டு ஒரு தாளில் எழுதினால், அடுத்த கோடைக்குள் எந்த மோட்டாரை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.