தண்ணீரில் விழுந்த செல்போனைக் காப்பாற்றுவது எப்படி?

(வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் பேசியது)



வழக்கமாக இந்த நேரத்தில் குருத்துப்பூச்சி, மேலுரம், மல்லிகை மொட்டுப்புழு என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுவேன். இன்றைக்கு உங்கள் சட்டைப் பையிலும் மடியிலும் இருக்கிற செல்போனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இது என்ன சார், விவசாயப் பேச்சா?" என்று நீங்கள் கேட்கலாம். விவசாயப் பேச்சுதான். எப்படி என்று சொல்கிறேன்.

வில்லாபுரத்தில் வீடும், வலையங்குளம் பக்கம் மல்லிகைத் தோட்டமும் வைத்திருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்னால் அருப்புக்கோட்டை ரோட்டில் வண்டியை விடுகிறார். பூ எடுக்க ஆள் வந்தாச்சா என்று கேட்பது செல்போனில். மாட்டுத்தாவணியில் இன்றைக்குப் பூ என்ன விலை என்று தெரிந்துகொள்வதும் அதில்தான். கிணற்று மோட்டாரை வீட்டில் இருந்தபடியே போட்டு நிறுத்துகிறார், அதுவும் செல்போனில். உழவன் செயலி, பி.எம். கிசான் தொகைக்கான ஓ.டி.பி., பாங்கிக் கணக்கு எல்லாமே அதற்குள் அடக்கம். அது வாய்க்காலில் விழுந்தால் அன்றைய வேலை அத்தனையும் அதோடு முங்கிப் போகிறது.

நான் செய்த தவறு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐப்பசி மழையில் பாதிக்கப்பட்ட வயல்களைப் பார்த்துப் படம் எடுத்து வந்தேன். ஒரு வயலில் குனிந்து நெற்பயிரைப் பிடித்துப் பார்க்கும்போது சட்டைப் பையிலிருந்த போன் தொப்பென்று சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. உடனே எடுத்துத் துடைத்தேன். வெளிச்சம் வந்தது. "அப்பாடா, தப்பித்தது" என்று பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வரை பேசினேன். வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டேன். பிறகு யாரோ சொன்னார்கள் என்று அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. எடுத்த படங்கள் போயிற்று. இருநூறு, முந்நூறு விவசாயிகளின் நம்பர்களும் போயிற்று. மறுபடி அதே சேற்றில் இறங்கி ஒவ்வொரு வயலாக நடந்தேன். பி.எஸ்ஸி. படித்தவன் செய்த வேலை இது.

அதே வாரத்தில் ஒரு மல்லிகை விவசாயியின் பட்டன் போன் பாத்தியில் விழுந்தது. அவர் எடுத்த எடுப்பில் பின்மூடியைக் கழற்றி பேட்டரியை உருவிவிட்டார். "எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டேன். "பேட்டரி ஸ்பிரேயர் நனைஞ்சா சுவிட்சைப் போடாதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க!" என்றார். அவர் போன் பிழைத்துவிட்டது. ஊருக்குச் சொன்ன புத்தி எனக்கு உதவவில்லை.

போனைக் கெடுப்பது எது?

தண்ணீர் பட்ட மாத்திரத்தில் போன் கெட்டுவிடுவதில்லை. தண்ணீர் உள்ளே இருக்கும்போது மின்சாரமும் ஓடுவதுதான் கெடுதல். போனுக்குள் இருக்கிற பலகையில் மயிரிழை போன்ற செம்புத் தடங்கள் ஓடுகின்றன. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு கரைந்து பச்சையாகக் களிம்பு ஏறும். வீட்டில் செப்புக் குடத்தில் ஏறுகிற அதே களிம்புதான். குடத்தில் ஏறினால் புளி போட்டுத் துலக்கிவிடலாம். மயிரிழைத் தடத்தில் ஏறினால் தடமே அறுந்துபோகும். குடத்தில் பல நாளில் நடக்கிற காரியம், மின்சாரம் ஓடுகிற ஈரப் பலகையில் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும்.

நம் விவசாயிகளின் போன் விழுவது பெரும்பாலும் நல்ல தண்ணீரில் அல்ல. பொட்டாஷ் கரைத்த வாளியிலே விழும், மருந்து டிரம்மிலே விழும், போர்டோ கலவையிலே விழும், சாணிக் கரைசலிலே விழும். பொட்டாஷ் உரமே ஒரு வகை உப்பு. மயில்துத்தக் கரைசலை இரும்பு வாளியில் வைக்காதீர்கள், வாளியை அரித்துவிடும் என்று சொல்கிறோம் அல்லவா? இரும்பு வாளிக்கே அந்தக் கதி என்றால் போன் எம்மாத்திரம்! உப்புத் தண்ணீரில் மின்சாரம் தாராளமாகப் பாயும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்து அரித்துக்கொண்டே இருக்கும். "நல்லாத்தான் இருந்துச்சு சார், பத்து நாள் கழித்துப் போச்சு" என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

உடனே செய்ய வேண்டியது

ஒன்று: போன் சார்ஜில் இருந்தபடி விழுந்திருந்தால் தண்ணீரில் கையை விடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். ஈரக் கையோடு பிளக்கைப் பிடுங்காதீர்கள். பம்ப் செட் கொட்டகையில் இது மிக முக்கியம். போன் போனால் வாங்கலாம்.

இரண்டு: எடுத்தவுடன் அணைத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டாம், யாருக்கும் பேச வேண்டாம். பின்மூடி கழலும் போன் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். கழலாத போன் என்றால் பவர் பட்டனை அழுத்தி முழுக்க அணையுங்கள். சிம் கார்டு, மெமரி கார்டு இரண்டையும் வெளியே எடுத்துத் துடைத்து வையுங்கள்.

மூன்று: சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டித் தண்ணீரை வடியுங்கள். பலமாக உதறாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். உதறினாலும் ஊதினாலும் வெளியே நிற்கிற ஈரம் உள்ளே போகும்.

நான்கு: சேறோ உரமோ பட்டிருந்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பூச்சி மருந்தில் விழுந்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். மருந்து பட்ட போனை அப்படியே காதில் வைத்துவிடக் கூடாது. துடைத்த துணியை மாடு தண்ணீர் குடிக்கிற வாய்க்காலில் அலசவும் கூடாது.

ஐந்து: நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மின்விசிறி காற்று போதும். விதை நெல்லை உச்சி வெயிலில் காயவைத்தால் முளைப்புத்திறன் போய்விடும் என்று உங்களுக்குத் தெரியும். போனுக்கும் அதே கதைதான். அடுப்பு மேட்டில் வைப்பது, கொதிக்கிற தகரக் கூரையில் வைப்பது, முடி உலர்த்தும் சூட்டுக் காற்றைப் பிடிப்பது, எல்லாமே பேட்டரிக்கு ஆபத்து.

அரிசிப் பானை வேண்டாம்

அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். நெல் விளைவிக்கிற நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் நெல்லை எடுக்க விதியில் இடமில்லை. சேமிக்க வேண்டும் என்றால் 14 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறோம். பானையில் இருக்கிற அரிசியிலும் 12 முதல் 14 சதவீதம் ஈரம் ஏற்கெனவே இருக்கிறது. அது மூடிய போனின் வயிற்றுக்குள் இருக்கிற தண்ணீரை எப்படி இழுக்கும்? போதாக்குறைக்குத் தவிட்டுத் தூளும் குருணையும் சார்ஜ் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே 2024-ல், அரிசிப் பையில் போனைப் போடாதீர்கள், அரிசித் துகள் போனைக் கெடுக்கும் என்று எழுதிவிட்டது.

புதுச் செருப்புப் பெட்டியில் சிறு பொட்டலமாக வருகிற சிலிக்கா ஜெல் அரிசியைவிட ஈரத்தை நன்றாக வாங்கும். ஆனாலும் அது உப்பை எடுக்காது. அரிசிப் பானையின் பெரிய கெடுதல் என்ன தெரியுமா? அது நமக்குப் பொய்யான தைரியம் கொடுக்கிறது. பானைக்குள் கிடக்கிற இரண்டு நாளும் உள்ளே களிம்பு ஏறிக்கொண்டிருக்கும்.

கடைக்குப் போகும்போது

மழைத் துளியோ பனியோ பட்டு சார்ஜ் ஓட்டை மட்டும் ஈரமானால், அரை மணி நேரமாவது காற்றில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜ் போடலாம். சில போன்கள் ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை காட்டும். அப்போது வீம்பு பண்ணாதீர்கள்.

முழுக்க முங்கிய போன் என்றால், முடிந்தால் அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அவர் போனைத் திறந்து, பலகையை அதற்கென்று உள்ள ஆல்கஹால் திரவத்தில் பிரஷ்ஷால் கழுவி, உப்பையும் களிம்பையும் எடுப்பார். பெட்ரோல், தின்னர், கை கழுவும் சானிடைசர் இவற்றை வைத்து நீங்களே முயற்சி செய்யாதீர்கள்.

அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். என்ன மருந்து அடித்தீர்கள் என்று நாங்கள் கேட்கும்போது சிலர் மறைப்பார்கள், பயிர்தான் பாழாகும். அதுபோல, "சும்மா கீழே விழுந்துச்சு" என்று சொல்லாதீர்கள். என்ன தண்ணீர், எவ்வளவு நேரம் என்று சொன்னால்தான் வைத்தியம் சரியாக நடக்கும். மறைத்தாலும் பல போன்களுக்குள் ஒரு சின்ன வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடும். தண்ணீரால் வந்த பழுதுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பாங்கிப் பின் நம்பரை எழுதிக் கொடுக்காதீர்கள். முங்கிய பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். வீட்டுக்கு வெளியே மணலில் வைத்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லிப் புதிது போடுங்கள்.

சிலர், "என் போன் வாட்டர் புரூப் சார், ஐ.பி. 67" என்கிறார்கள். அதன் பொருள், ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள் என்பதுதான். இடுப்பளவுத் தண்ணீர். நம் கிணறு எத்தனை ஆள் ஆழம்? உரத் தண்ணீருக்கும் பூச்சி மருந்துக்கும் அந்தச் சோதனை பொருந்தாது. போன் பழசாகிவிட்டாலோ கீழே விழுந்து விரிசல் விட்டாலோ அந்தக் காப்பும் தளர்ந்துவிடும்.

வருமுன் காக்க

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். 2024 அக்டோபர் 25-ல் மதுரையிலேயே சில மணி நேர மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. போன் நனைவதும், போன் மிக மிகத் தேவைப்படுவதும் ஒரே நாளில்தான். ஆகவே மழைக்கு முன்பே சில ஏற்பாடுகள் செய்துகொள்ளுங்கள்.

அழுத்தி மூடும் பிளாஸ்டிக் உறை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். குனிகிற வேலைக்குச் சட்டை மேல்பை ஆகாது. கழுத்தில் கயிறு போட்டு உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், அல்லது வரப்பில் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பூ எடுக்கிற பெண்கள் மடியில் செருகுகிறார்கள். பனியும் வியர்வையும் சேர்ந்து அங்கேயும் நனையும். வியர்வையிலும் உப்பு இருக்கிறது. அவர்களுக்கும் ஓர் உறை வாங்கிக் கொடுங்கள்.

முக்கியமான இருபது நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். பூ வியாபாரி, டிராக்டர்காரர், கால்நடை மருத்துவர், பாங்கி, மின்வாரியம், இலவசமாகப் பேசக்கூடிய கிசான் கால் சென்டர் 1800-180-1551. மோட்டார் ஸ்டார்ட்டரில் வீட்டில் இன்னொருவர் நம்பரையும் பதிந்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் போன் முங்கிய அன்றைக்கு மோட்டாரை நிறுத்தத் தோட்டத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

சிம் கெட்டு, அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி போகாது, வராது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க வைத்த விதி அது. ஓ.டி.பி. வரவில்லையே என்று பதறி யாரிடமும் கணக்கு விவரத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். போன் நனைந்தால் அணையுங்கள், கழற்றுங்கள், வடியுங்கள், நிழலில் வையுங்கள், அன்றைக்கே கடைக்குப் போங்கள். சார்ஜ் போடாதீர்கள், சூடு காட்டாதீர்கள், அரிசியில் போடாதீர்கள். "வெளிச்சம் வருதே" என்று ஏமாந்தவன் நான். நீங்கள் ஏமாற வேண்டாம். அரிசியை உலைக்கு வையுங்கள்.